விடிகாலை நாலரைக்கு அசகுசா: ஜெட்லாக் எப்படி வேலை செய்கிறது?

ஒரு மே மாதக் கடைசியில் நானும் என் தங்கையும் டோக்கியோவின் அசகுசா பகுதியில் சந்தித்துக்கொண்டோம். நான் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து போனேன். அவள் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்தாள். விமானத்தில் உட்கார்ந்திருந்த நேரம் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 11 மணி நேரம். ஒரே ஓட்டல், பக்கத்துப் பக்கத்து அறை.

ஆனால் முதல் முழு நாளில் நான் நள்ளிரவு ஒன்றரைக்கே எழுந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காலை 10 மணி வரை கதவைத் திறக்கவில்லை. மதியம் 3 மணிக்கு நான் நின்றுகொண்டே தூங்கினேன். அவளோ இரவு 9 மணிக்கு, "அண்ணா, பசிக்குது, வெளியே போலாமா?" என்று தெம்பாக வந்து நின்றாள்.

இரண்டு பேரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: ஜெட்லாக். ஒரே வியாதி ஒருவரை எழுப்பியும் இன்னொருவரைத் தூங்கவைத்தும் வேடிக்கை காட்டுமா? காட்டும். எப்படி என்று புரிந்துகொண்டால், வெளியூரில் முதல் நாளை வீணாக்காமல் இருக்கலாம்.

எது ஜெட்லாக் இல்லை

நம் ஊரில் துபாய் போய்வந்தவர்கூட இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு "ஜெட்லாக்" என்பார். இந்தியாவுக்கும் துபாய்க்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அவருக்கு இருப்பது பயணக் களைப்பு.

பயணக் களைப்பு உண்மையான தொல்லைதான். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டிருக்கும். காற்றழுத்தம் சுமார் 2,000 மீட்டர் உயர மலையில் இருப்பதுபோல இருக்கும். கால் நீட்ட இடம் கிடையாது, சரியான தூக்கமும் இல்லை. தலைவலி, கால் வீக்கம், எரிச்சல் எல்லாம் இதில் வருபவை. ஒரு குளியல், நல்ல சாப்பாடு, ஒரு இரவு தூக்கம் கிடைத்தால் போய்விடும்.

லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் பறப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 11 மணி நேரப் பயணம், எங்கள் பயணத்தைப் போலவே. இறங்கும்போது உடம்பு அடித்துப்போட்டதுபோல இருக்கும். ஆனால் அவர் வடக்கிலிருந்து தெற்காகப் போயிருக்கிறார். இரண்டு ஊருக்கும் ஒன்று அல்லது இரண்டு மணி நேரமே வித்தியாசம். அன்றிரவு வழக்கம்போலத் தூங்கி, மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்.

ஆக, பறந்த தூரத்துக்கும் ஜெட்லாக்குக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. உங்கள் உடம்புக்குள் இருக்கும் மணியும் ஊரின் மணியும் ஒத்துப்போகாமல் இருப்பதுதான் ஜெட்லாக். எத்தனை வாளி தண்ணீர் குடித்தாலும் அந்த மணி நகராது.

தூங்குமூஞ்சி மரத்துக்கு யார் மணி சொல்வது?

"உடம்புக்குள் மணியா?" என்று கேட்பவர்கள் ஒரு சாயங்காலம் தூங்குமூஞ்சி மரத்தடியில் போய் நிற்கலாம். இலைகள் ஜோடி ஜோடியாகக் கூம்பிவிடும். புளியமரமும் அப்படித்தான். வெளிச்சம் குறைந்ததால் மூடிக்கொள்கிறது என்றுதான் நமக்குத் தோன்றும்.

1729இல் பிரெஞ்சு விஞ்ஞானி ழான் ழாக் தெ மேரான் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். சூரியனே தெரியாத இடத்திலும் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் கூம்பின. வெளியே யாரும் சொல்லாமலே செடிக்கு நேரம் தெரிந்திருந்தது.

நமக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. அதை உடல் கடிகாரம் என்கிறோம். எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது பசிக்க வேண்டும், எப்போது உடல் சூடு ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்று சுமார் 24 மணி நேரச் சுழற்சியில் உடம்பை நடத்தும் அமைப்பு அது.

வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் தானியங்கி மோட்டார் வைத்திருப்பீர்கள். தண்ணீர் நிரம்பினால் மோட்டார் நிற்கும். செலவாகி மட்டம் இறங்கினால் திரும்ப ஓடும். செல்லுக்குள்ளும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. ஒரு மரபணு ஒரு புரதத்தைத் தயாரிக்கிறது. புரதம் போதுமான அளவு சேர்ந்ததும் அதுவே அந்த மரபணுவை நிறுத்திவிடுகிறது. பிறகு புரதம் மெல்ல அழிகிறது, தயாரிப்பு மறுபடி தொடங்குகிறது. தொட்டி ஒருமுறை நிரம்பிக் காலியாக ஏறக்குறைய ஒரு நாள். பழ ஈக்களில் இதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஏறக்குறைய ஒரு நாள் என்று இழுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெளிச்சம் போன்ற தடயங்கள் இல்லாமல் விட்டால், மனிதரின் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. பின்னால் தேவைப்படும், நினைவில் வையுங்கள்.

மாஸ்டரும் எடுபிடிகளும்

கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் ஒரு மாஸ்டர் இருப்பார். காய் நறுக்குபவர், அடுப்புப் பார்ப்பவர், இலை போடுபவர் எல்லாரும் அவர் குரலுக்குத்தான் ஓடுவார்கள். நம் மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. அதுதான் மாஸ்டர். தலைமைக் கடிகாரம் என்று வைத்துக்கொள்வோம். ஈரல், குடல், தசை என்று மற்ற உறுப்புகளுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. ஆனால் அவை மாஸ்டரைப் பார்த்துத்தான் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும்.

மாஸ்டர் யாரைப் பார்ப்பார்? வெளிச்சத்தை. பார்வை நரம்புக்குப் பக்கத்திலேயே அவர் உட்கார்ந்திருப்பது சும்மா இல்லை. உருவங்களைக் காட்டாமல் வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்லும் சில செல்கள் நம் விழித்திரையில் இருக்கின்றன. வெளிச்சம் மங்கும்போது மாஸ்டர் மெலடோனினைச் சுரக்கவைப்பார். 'இரவாகிவிட்டது' என்று உடம்பு முழுக்க அறிவிக்கும் ஹார்மோன் அது.

புது ஊரில் இறங்கியதும் மாஸ்டர் பழைய ஊர் நேரத்திலேயே இருப்பார். அவர் மெல்ல மெல்ல நகர, எடுபிடிகள் ஆளுக்கொரு வேகத்தில் பின்னால் வருவார்கள். தூக்கம் சரியான பிறகும் நடுராத்திரியில் பசிப்பதும், வயிறு மந்தமாக இருப்பதும் இதனால்தான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். உடம்புக்குள் ஒரு கடிகாரம் தானாக ஓடுகிறது, அதைத் திருத்தும் முக்கியமான கை வெளிச்சம், விமானம் வேகமாகப் போனாலும் கடிகாரம் மெதுவாகத்தான் வரும்.

பதினாறு மணி நேரமா, எட்டு மணி நேரமா?

கோடையில் சான் பிரான்சிஸ்கோவைவிட டோக்கியோ 16 மணி நேரம் முன்னால் இருக்கிறது. நான் கிளம்புமுன் நண்பர்கள் பயமுறுத்தியது இதைச் சொல்லித்தான். "பதினாறு மணி நேரம்ப்பா, பகல் இரவாயிடும்!"

தேதியை மறந்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தை வட்டமாகப் பாருங்கள். 24 மணி நேர வட்டத்தில் 16 மணி முன்னால் போவதும் 8 மணி பின்னால் போவதும் ஒரே புள்ளியில்தான் கொண்டுவிடும். நாள் மாறும் கோடு காலண்டருக்குத்தான். ஈரலுக்குத் தேதி தெரியாது. ஆக, என் உடம்பு தாண்ட வேண்டியது 8 மணி நேரம், அதுவும் தள்ளிப்போடும் திசையில்: வழக்கத்தைவிடத் தாமதமாகத் தூங்கி, தாமதமாக எழ வேண்டும்.

தங்கைக்கு வேறு கணக்கு. சென்னையைவிட டோக்கியோ மூன்றரை மணி நேரம் முன்னால். வழக்கத்தைவிட மூன்றரை மணி நேரம் சீக்கிரம் தூங்கி, சீக்கிரம் எழ வேண்டும். முன்னுக்கு இழுக்கும் திசை.

இரண்டில் தள்ளிப்போடுவதுதான் சுலபம். நம் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடும் என்று பார்த்தோம் அல்லவா? அதனால் அதைத் தாமதப்படுத்துவது தாழ்வான பக்கம் வண்டியைத் தள்ளுவதுபோல. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே தினமும் அரை மணி தள்ளித் தூங்கப் போவார்கள். தினமும் அரை மணி முன்னால் எழுந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. பொதுவாக, மேற்கே போனவரின் கடிகாரம் நாளுக்கு ஒன்றரை மணி நேரமும், கிழக்கே போனவரின் கடிகாரம் நாளுக்கு ஒரு மணி நேரமும் நகரும் என்று கணக்கு வைப்பார்கள். எனக்கு ஐந்தாறு நாள், அவளுக்கு மூன்று நான்கு நாள்.

நாலரை மணி வெளிச்சம்

அந்த முதல் விடியலைச் சொல்கிறேன். ஒன்றரைக்கு விழித்தேன். சான் பிரான்சிஸ்கோவில் அப்போது காலை ஒன்பதரை, தூக்கம் எங்கிருந்து வரும்? மூன்று மணிக்கு இறங்கிப் போய், விடிய விடியத் திறந்திருக்கும் கடை ஒன்றில் உப்பில் ஊறிய ஜப்பானியப் பழம் வைத்த சோற்று உருண்டை வாங்கித் தின்றேன். ஊறுகாய் சாதம் என்றே நினைத்துக்கொள்ளலாம். கோடைக்காக மணியை மாற்றும் பழக்கம் ஜப்பானில் இல்லை. அதனால் மே கடைசியில் டோக்கியோவில் நாலரைக்கெல்லாம் சூரியன் வந்துவிடும்.

சென்சோஜி கோயிலின் கமினாரிமோன் வாசலில் நாள் முழுக்கக் கூட்டம் நெரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த நேரத்தில் நானும் ஒரு சைக்கிள்காரரும்தான். ஏறக்குறைய 4 மீட்டர் உயரம், 700 கிலோ எடை என்று சொல்லப்படும் சிவப்புக் காகித விளக்கு தலைக்கு மேல் தொங்குகிறது. அடியில் போய் நிமிர்ந்து பார்த்தால், கீழ்ப்பாகத்தில் மரத்தில் செதுக்கிய டிராகன் ஒன்று சுருண்டு கிடக்கிறது. உள்ளே நகமிசே கடைத்தெரு, சுமார் 250 மீட்டர். கடைகள் பூட்டியிருந்ததால் இழுப்புக் கதவுகளில் வரைந்திருக்கும் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பகலில் வருபவர்களுக்கு இவை தெரியவே தெரியாது. ஜெட்லாக் தரும் ஒரே நல்ல விஷயம் இதுதான் என்பேன்.

6 மணிக்கு கன்னோன் சன்னதி திறந்தது. கன்னோன் என்பது நம் அவலோகிதேசுவரர்தான், ஜப்பானில் கருணைத் தெய்வம். 100 யென் போட்டு, உலோகக் குடுவையைக் குலுக்கி, வந்த எண்ணுக்குரிய இழுப்பறையிலிருந்து பலன் சீட்டு எடுத்தேன். கெட்ட பலன். அங்கிருந்த கம்பியில் கட்டிவிட்டு வந்தேன். ஆறரைக்கு சுமிதா ஆற்றங்கரையில் சில முதியவர்கள் ரேடியோவை வைத்து உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். 1928இல் தொடங்கிய வானொலிப் பழக்கம் அது.

7 மணிக்குத் தங்கைக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பத்து மணிக்குக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தவளிடம், "காலை வெயில்ல நின்னாத்தான் ஜெட்லாக் போகும், நாளைக்கு என்னோட நாலரைக்கே வா" என்று உபதேசம் வேறு செய்தேன்.

அந்த உபதேசம் தப்பு. அவளுக்கும் தப்பு, எனக்கும் தப்பு.

ஊஞ்சலை எப்போது தள்ளுவது?

ஊஞ்சல் உங்களை விட்டு விலகும் நேரத்தில் தள்ளினால் வேகம் கூடும். உங்களை நோக்கி வரும்போது அதே கையால் தள்ளினால் வேகம் குறையும். கை ஒன்று, பலன் இரண்டு. வெளிச்சமும் அப்படித்தான்.

நமது உடல் சூடு இரவு முழுவதும் இறங்கி, வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அடிமட்டத்துக்கு வரும். இதைத் தாழ்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். தாழ்புள்ளிக்கு முந்தைய சில மணி நேரத்தில் கண்ணில் வெளிச்சம் பட்டால், மாஸ்டர் 'ஓ, இன்னும் சாயங்காலம் முடியவில்லை' என்று எண்ணிக் கடிகாரத்தைத் தள்ளிப்போடுவார். தாழ்புள்ளிக்குப் பிந்தைய சில மணி நேரத்தில் பட்டால், 'விடிந்துவிட்டது' என்று முன்னுக்கு இழுப்பார். தாழ்புள்ளியிலிருந்து வெகுதூரத்தில், நடுப்பகலில் பட்டால், பெரிதாக எதுவும் செய்யமாட்டார்.

தங்கை சென்னையில் ஆறரைக்கு எழுபவள். தாழ்புள்ளி விடிகாலை 4 மணி வாக்கில். அது டோக்கியோவில் காலை ஏழரை. நான் கூப்பிட்டபடி நாலரை மணி வெயிலில் வந்திருந்தால், அது தாழ்புள்ளிக்கு மூன்று மணி நேரம் முன்பு. கடிகாரம் இன்னும் தள்ளிப்போயிருக்கும், அவளுக்குத் தேவையானதற்கு நேர் எதிராக. திரையை இழுத்துவிட்டுத் தூங்கியதுதான் சரி. ஏழரைக்குப் பிறகு எழுந்து வெயிலுக்கு வந்திருந்தால் இன்னும் நன்று.

நான் 7 மணிக்கு எழுபவன். தாழ்புள்ளி நாலரை வாக்கில். டோக்கியோவில் அது இரவு எட்டரை! என் கடிகாரம் தள்ளிப்போக வேண்டுமென்றால் அதற்கு முந்தைய நேரத்தில், பிற்பகலிலும் சாயங்காலத்திலும் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். கோயில் வாசலில் நான் ஆசை ஆசையாக வாங்கிய காலை வெளிச்சம், என் உடம்புக்கு நண்பகல் வெளிச்சம். ஓவியம் பார்க்க உதவியது, அவ்வளவுதான்.

'காலை வெயிலில் நில்' என்ற அறிவுரை எல்லாருக்கும் பொருந்தாது என்பது இதனால்தான். முதலில் உங்கள் தாழ்புள்ளியைப் புது ஊர் மணிக்கு மாற்றிப் பாருங்கள். நேரத்தைத் தள்ளிப்போட வேண்டியவர் அதற்கு முன்பு வெளிச்சம் தேட வேண்டும், முன்னுக்கு இழுக்க வேண்டியவர் அதற்குப் பின்பு. தாழ்புள்ளியும் நாள்தோறும் நகரும், கூடவே கணக்கும்.

கப்பாபாஷியில் மதியம் மூன்று மணி

கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் கப்பாபாஷி. 800 மீட்டர் நீளத்துக்குப் பாத்திரக் கடைகள், கத்திகள், ஓட்டல் ஜன்னலில் வைக்கும் போலி உணவு மாதிரிகள். தெருமுனைக் கட்டடத்தின் உச்சியில் தொப்பி போட்ட ராட்சதச் சமையல்காரர் தலை. தங்கை ஒரு கடையில் வாணலி பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் சொருகியது. அலமாரியில் தலை முட்டி ஒரு கரண்டி கீழே விழுந்தது.

சான் பிரான்சிஸ்கோவில் அப்போது இரவு 11. தவிர, இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது ஏற ஏறத் தூங்கும் வேட்கையும் ஏறும். தூங்கினால் இறங்கும். வட்டிக்கடன் மாதிரி. கடிகாரம் வேறு, இந்தக் கடன் வேறு. ஒன்றரை மணிக்கே எழுந்த எனக்கு அன்று இரண்டும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றன.

ஓட்டல் அறைக்குப் போய், "பத்து நிமிஷம் மட்டும்" என்று சாய்ந்தேன். எழுந்தபோது இரவு 9. எனக்கு வேண்டிய சாயங்கால வெளிச்சம் முழுக்கப் போச்சு. கடனும் அடைந்துவிட்டதால் இரவும் தூக்கம் இல்லை.

மறுநாள் புத்தி வந்தது. மதியம் அலாரம் வைத்து இருபது நிமிடம் மட்டும் தூங்கினேன். கடனில் வட்டியை மட்டும் கட்டினால் போதும், அசலை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். நாலு மணிக்கு ஆற்றங்கரைக்குப் போய், எதிரே 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு, ஆறே முக்காலுக்குச் சூரியன் மறையும்வரை நடந்தேன். அறையில் விளக்கைப் போட்டு உட்கார்ந்தால் ஆகாதா? அவ்வளவு பலன் இருக்காது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். சாதாரண அறை விளக்கு சில நூறு லக்ஸ். மேகமூட்டமான பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். கண் பழகிவிடுவதால் நமக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை. மாஸ்டருக்குத் தெரியும்.

காபி, சாப்பாடு, மாத்திரை

காபி அடினோசினைக் குறைக்காது. அடினோசின் மூளையில் போய் உட்காரும் நாற்காலியில் காபி ஏறி உட்கார்ந்துகொள்ளும். குடித்த காபியில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகலாம். மதியத்துக்கு மேல் காபி குடித்துவிட்டு ஜெட்லாக்கைத் திட்டுவது நியாயமில்லை.

உள்ளூர் நேரத்துக்குச் சாப்பிடுவது ஈரல், குடல் கடிகாரங்களுக்கு உதவும். நடுராத்திரிப் பசிக்குக் கொஞ்சமாக ஏதாவது போட்டுக்கொண்டு, சாப்பாட்டைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மெலடோனின் மாத்திரையைப் பலர் தூக்க மாத்திரையாக நினைக்கிறார்கள். அது 'இரவாகிவிட்டது' என்ற அறிவிப்பு மட்டுமே. தப்பான நேரத்தில் அறிவித்தால் கடிகாரமும் தப்பான பக்கம் போகும். வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

இரண்டு மூன்று நாளே தங்கும் பயணமென்றால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. கடிகாரம் நகர்வதற்குள் திரும்பிவிடுவீர்கள். முக்கிய வேலையைப் பழைய ஊரின் பகல் நேரத்துக்கு வைத்துக்கொண்டால் போதும்.

திரும்பும்போது திசை மாறும்

பத்து நாள் கழித்துக் கிளம்பினோம். தங்கை மேற்கே சென்னைக்கு, மூன்றரை மணி நேரம் தள்ளிப்போட. நான் கிழக்கே கலிபோர்னியாவுக்கு, 8 மணி நேரம் முன்னுக்கு இழுக்க. வரும்போது சுலபமாக இருந்த திசை இப்போது என்னைப் பழிவாங்கியது.

வீடு திரும்பிய மூன்றாம் இரவு, 3 மணி ஆகியும் தூக்கம் வராமல் புரண்டுகொண்டு அவளுக்கு வாட்ஸப்பில் ஒரு வரி போட்டேன். சென்னையில் அப்போது மதியம் மூன்றரை. உடனே பதில் வந்தது:

"ஆபீஸ்ல இருக்கேண்ணா. போனோட வெளிச்சத்தைக் குறை. உன் தாழ்புள்ளி இப்ப எங்க இருக்கு?"